இல்லாத பெட்டிக்கு ஆறு மாத வாரண்டி

3

"மெடம், நான் பம்பலப்பிட்டிக்கு வந்துட்டேன்!" என்று கத்தினேன்.

உண்மையில் நான் எங்கேயும் போகவில்லை. வெள்ளவத்தையில், கெமிஸ்ட்ரி டியூஷன் வகுப்புக்கு மேல்மாடியில் இருக்கும் எங்கள் துப்பறியும் அலுவலகத்தில், லப்டொப்புக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். பம்பலப்பிட்டிக்குப் போனது திரையில் ஓடிய பஸ். ஆனால் அதைக் கேட்டதும் எதிரே இருந்த பெண்ணின் முகம் வெளிறிப்போனது.

"வெள்ளவத்தை மார்க்கட்டில பஸ் நிக்கேல்லையா?" என்று கேட்டாள்.

"நின்டிச்சு. ரெண்டு பேர் ஏறினாங்க. பிறகு போச்சு. நான் நல்ல ட்ரைவர்."

"அப்ப நான் முடிஞ்சன்," என்று தலையில் கைவைத்தாள் றஷ்மி.

ஆட்களை அறிமுகம் செய்துவிடுகிறேன், இல்லாவிட்டால் மெடம் ஏசுவார். மெடம் என்றால் வித்யாலட்சுமி. புறக்கோட்டையில் சாரிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்து, கல்லாவில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்துத் துப்பறிவாளர் ஆனவர். நான் அஹ்ஸன், தெஹிவளை, அவருடைய உதவியாளன். இந்தக் கூட்டு வியாபாரத்தில் மூளை அவருடைய முதலீடு, வாய் என்னுடையது.

றஷ்மி கொட்டாஞ்சேனைப் பெண். அவளும் விஷ்வா என்ற நண்பனும் மூன்று வருடம் மண்டையை உடைத்து 'புட்போர்ட்' என்று ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறார்கள். தெஹிவளையிலிருந்து புறக்கோட்டை வரைக்கும் ஒரு தனியார் பஸ்ஸை ஓட்ட வேண்டும். மிதிபலகையில் தொங்குகிறவர்களை வழியில் உதிர்க்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் வெற்றி. வருகிற வெள்ளிக்கிழமை உலகம் முழுவதும் வெளியாகப் போகிறது. அதுவும் இணையத்தில் மட்டும். காசைக் கட்டி டவுன்லோட் செய்துகொள்ள வேண்டியதுதான். டிஸ்க் கிடையாது, பெட்டி கிடையாது.

அந்தக் கேம்தான் புதன்கிழமையே கொட்டாஞ்சேனையில் டிஸ்க்காக, பளபளப்பான பெட்டியில் விலைப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு பெட்டி இப்போது எங்கள் மேசையில் இருந்தது. அதற்குள் இருந்த டிஸ்க்கைத்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"பஸ் நிக்காததுக்கும் நீங்கள் முடிஞ்சதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மெடம்.

"அதுதான் மெடம் எங்கட பூட்டு. கள்ளக் கொப்பி எண்டு கேமுக்கு விளங்கினா, பஸ் வெள்ளவத்தை மார்க்கட்டுக்கு வந்து நிண்டிடும். பிறகு அசையாது. கொண்டக்டர் மட்டும், 'இன்னும் ரெண்டு பேர்தான், நிரம்பினதும் வெளிக்கிடும்' எண்டு கத்திக்கொண்டே இருப்பார். விடியவிடிய இருந்தாலும் அந்த ரெண்டு பேர் வரமாட்டினம்."

"அட, நல்ல பூட்டு!" என்றேன்.

"எங்க நல்லது? முதல்முறை ஒருத்தன் கொப்பி அடிச்சுப் பரப்பினவன். ஒரு கொம்ப்ளெயின்ட் வரவேணுமே, வரேல்லை. ஏனெண்டு பாத்தா, பஸ் அப்பிடித்தானே நிக்கும் எண்டு சனம் பொறுமையாக் காத்துக்கொண்டு இருந்திருக்கு. ஒரு ஆள் ஒரு மணித்தியாலம் இருந்திட்டு, 'கிராபிக்ஸ் சுமார், ஆனா அச்சு அசல் எங்கட பஸ்' எண்டு பாராட்டி எழுதியிருக்கிறார்."

நான் கதிரையிலிருந்து விழாத குறை. மெடத்துக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் றஷ்மியின் கண்ணைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"சோதிச்சுப் பாக்கக் குடுத்த எல்லாக் கொப்பியிலயும் அந்தப் பூட்டு இருக்கு மெடம். பூட்டில்லாதது விஷ்வாட லப்டொப்பிலயும் என்ர லப்டொப்பிலயும் மட்டும்தான். அப்ப இந்த டிஸ்க் எங்கட ரெண்டு பேரில ஒராளிட்ட இருந்துதான் போயிருக்க வேணும். இதை விக்கிற கடைக்காரர் வேற என்ர சொந்த மாமா."

"யாரு? றேமண்ட் அங்கிளா?" என்று எழுந்தே விட்டேன். கொட்டாஞ்சேனை றேமண்டைத் தெரியாதவர் கொழும்பில் உண்டா? ஒரு காலத்தில் படம் தியேட்டருக்கு வருவதற்கு முன்னால் அவர் கடைக்கு வந்துவிடும்.

"அவரேதான். போன் எடுத்தன். சிரிச்சுப்போட்டு, 'வெள்ளிக்கிழமை எல்லாம் தெரியவரும் மகள்' எண்டு வச்சிட்டார். விஷ்வா நான்தான் குடுத்தனான் எண்டு முடிவே கட்டிட்டான். பின்லாந்தில எங்கட கேமை வெளியிடுற கம்பெனி, களவு ஆர் செய்தது எண்டு இண்டைக்கு ஐஞ்சு மணிக்குள்ள பெயர் கேட்டிருக்கு. விஷ்வா என்ர பெயரை எழுதி வச்சுக்கொண்டு இருக்கிறான். அனுப்பினா, கேமில இருந்தும் என்ர பெயரை வெட்டிப்போடுவாங்கள்." அவள் லப்டொப் திரையைக் காட்டினாள். "அந்தக் கொண்டக்டருக்குக் குரல் குடுத்ததே நான்தான் மெடம்."

பகிடி விடும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. அது அடிக்கடி நடப்பதில்லை.

மெடம் பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத்தில் ஒரு சிவப்பு பஸ் நேராக நம்மை நோக்கி வருகிறது. பின்பக்கத்தில் இரண்டு ஸ்டிக்கர்கள். ஒன்றில் 'ஒரிஜினல். ஆறு மாத வாரண்டி' என்று இருந்தது. மற்றதை நான் சத்தமாக வாசித்தேன்.

"'கொப்பி அடிப்பது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் பொலிஸ்.' மெடம், கள்ளனே கள்ளனுக்குப் பயப்படுறான்!"

"அதுதான் எனக்கும் பிடிச்சிருக்கு," என்றார் மெடம். "றஷ்மி, இந்த பஸ் படம் நீங்கள் கீறினதா?"

"ஓம், இணையப் பக்கத்துக்கு. ஆனா பெட்டிக்கு ஏத்த மாதிரி இப்பிடி முதுகுப் பட்டை எல்லாம் வச்சு நான் செய்யேல்லை. பெட்டியே இல்லாத கேமுக்கு நான் ஏன் பெட்டி செய்யப்போறன்?"

"சரியான கேள்வி," என்று மெடம் கைப்பையைத் தோளில் மாட்டினார். "நீங்கள் விஷ்வா வீட்டை போய் இருங்கோ. என்ன ஏசினாலும் எழும்பி வராதேங்கோ. ஐஞ்சு மணிக்குள்ள நாங்கள் வருவம். அஹ்ஸன், ஓட்டோ!"

கொழும்பில் குறுக்கு வழி தெரியாத ஓட்டோக்காரரை நான் இன்னும் சந்திக்கவில்லை. குறுக்கு வழியால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தவரையும் சந்திக்கவில்லை. எங்களுக்குக் கிடைத்தவர் மருதானையை இரண்டு தரம் சுற்றிக் காட்டிவிட்டு, ஒருவழியாகக் கொட்டாஞ்சேனையில் இறக்கிவிட்டார்.

றேமண்டின் கடைப் பலகையில் 'வீடியோ' என்ற எழுத்து மங்கிப்போய், 'ரீலோட், போன் கவர், போட்டோ கொப்பி' என்று கீழே புதிதாக எழுதியிருந்தது. முன்பு சுவர் முழுக்க டிஸ்க் அடுக்கியிருப்பார். ஊரே டவுன்லோடுக்கு மாறியபிறகு சுவர் முழுக்க போன் கவர் தொங்கியது. நடுவில் ஒரேயொரு தட்டில் மட்டும் 'புட்போர்ட்' பெட்டிகள். அதற்கு மேலே ஒரு குட்டி பல்ப், சுற்றிவர மல்லிகைச் சரம்.

"அடு கரன்ன பே மல்லி, மேக்க ஒரிஜினல்!" என்று, விலை குறைக்கவே முடியாது என்பதை ஒரு சிங்கள இளைஞனுக்கு முழங்கிக்கொண்டிருந்தார் றேமண்ட். வயிறு சட்டைப் பொத்தானோடு சண்டை பிடிக்க, தலையை நன்றாக வாரி, கழுத்துப்பட்டி வேறு கட்டியிருந்தார். இளைஞன் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனான்.

நான் முன்னுக்குப் போனேன். "அங்கிள், இதுல ஒரு கொப்பி தாங்க."

"கொப்பியா?" அவர் மீசை துடித்தது. "ஆரைப் பாத்துக் கொப்பி எண்டுறாய்? இறங்கு கடையை விட்டு!"

"தம்பிக்குக் கதைக்கத் தெரியாது," என்று மெடம் இடையில் புகுந்தார். "எங்களுக்கு ஒரிஜினல்தான் வேணும்."

அவ்வளவுதான், மனிதருக்கு முகமெல்லாம் பல். "அப்பிடிக் கேளுங்கோ மிஸ்! இருபது வருஷமா இந்தக் கடையில நான் வித்தது எல்லாம்... சரி, அது இப்ப எதுக்கு. ஆனா இது ஒரிஜினல். டீலர் நேர வந்து தந்தது. கொழும்புக்கே நான்தான் ஏஜென்ட். முந்தி பொலிஸ்காரர் இந்தப் பக்கம் வந்தா நான் பின்கதவால ஓடுறனான். இண்டைக்குக் காலமை வாசல்ல நிண்டு குட் மோர்னிங் சொன்னனான்!"

"எல்லா டிஸ்க்கையும் டீலரே தந்ததா?"

"ஒண்டுதான் தந்தவை. வேண்டிய அளவு அடிச்சு வில்லுங்கோ எண்டு சொன்னவை. உத்தரவோட அடிச்சா அது கொப்பி இல்லை மிஸ், தயாரிப்பு. கவரையும் அப்பிடியே ஸ்கான் பண்ணினனான். டிசைனில ஒரு கோடுகூட மாத்தேல்லை. ஒரிஜினல் எண்டா ஒரிஜினல்."

பெருமை பொங்கி வழிந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வாழ்நாளில் முதல்தரம் நேர்மையாக வியாபாரம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, சொந்த மருமகளின் தலையிலேயே மண்ணைப் போட்டிருக்கிறார்.

மெடம் மூன்று பெட்டிகளை எடுத்து வரிசையாக வைத்தார். "அஹ்ஸன், என்ன தெரியுது?"

"மூணு பஸ். மூணும் லேட்."

"அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்."

பஸ் முகப்புக் கண்ணாடிக்குச் சற்று மேலே, நட்டநடுவில், விரல்நுனி அளவில் ஒரு கடும் சிவப்புப் புள்ளி. மூன்றிலும் அதே இடத்தில். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அச்சிலேயே இருந்தது.

"சோஸ். டீலர் கொத்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டே ஒரிஜினலைக் கொண்டு வந்திருக்காரு."

"சோஸ் இவ்வளவு வட்டமா, இவ்வளவு நடுவில விழுமே? எங்கட ரோட்டில புது பஸ் ஒண்டு இறங்கினா, முதல்நாள் அதின்ர நெத்தியில என்ன இருக்கும்?"

விரலைச் சொடுக்கினேன். "பொட்டு! டயருக்குக் கீழ தேசிக்காய், நெத்தியில குங்குமப் பொட்டு!"

மெடம் றேமண்டின் பக்கம் திரும்பினார். "ஐயா, டீலர் ஆர் எண்டு..."

"கேளாதேங்கோ. வெள்ளிக்கிழமை வரைக்கும் வாய் திறக்கமாட்டன் எண்டு கொச்சிக்கடை அந்தோனியார் மேல சத்தியம் செய்து குடுத்திட்டன்."

"கேக்கேல்லை. அந்த டிஸ்க் பையில வந்ததா, தட்டில வந்ததா? அதை மட்டும் சொல்லுங்கோ."

"தட்டிலதான். வெத்திலை பாக்கு, வாழைப்பழம்..." என்று ஆரம்பித்தவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ! நான் ஒண்டும் சொல்லேல்லை! சத்தியம் உடையேல்லைத்தானே?"

"உடையேல்லை. பழத்தைப் பற்றி அந்தோனியார் ஒண்டும் கேக்கமாட்டார்," என்றார் மெடம், சிரிக்காமல்.

திரும்பும் ஓட்டோவில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "மெடம், றஷ்மிக்கு வந்த ஆபத்தை அவரிட்டச் சொல்லியிருந்தா பெயரையே கக்கியிருப்பாரே!"

"கக்கிப்போட்டு வாழ்நாள் முழுக்க சத்தியத்தை உடைச்சிட்டன் எண்டு அழுவார். தேவையில்லை. கள்ளன் தன்ர களவுக்கு வாரண்டி குடுக்கமாட்டான். அப்ப அது களவெண்டு அவருக்குத் தெரியாது. பெட்டியில்லாத கேமுக்கு ஒராள் பெட்டி செய்திருக்கு, விக்கிறதுக்கில்லை, தட்டில வைக்கிறதுக்கு. எங்கட அப்பாட கடைக்குப் புதுச் சாரிக் கட்டு வந்தாலும் முதல் சாரி கோயிலுக்குத்தான் போகும். அர்ச்சனை முடியாமல் ஒண்டும் விலைப்படாது."

"யாருடைய தட்டு?"

"பூட்டில்லாத கொப்பி இருந்தது ரெண்டு பேரிட்ட, அதில றஷ்மி வீடு அந்தோனியார் வீடு. அப்ப இது புறக்கோட்டையில நாலு கடை வச்சிருக்கிற நாராயணன் முதலாளியின்ர வீட்டுத் தட்டு. விஷ்வா அவற்ற மகன்."

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில், மேல்மாடியில் விஷ்வாவின் பிளட். நாங்கள் நுழைந்தபோது நெட்டையாய், தாடியோடு, தூங்காத கண்ணோடு அவன் லப்டொப்புக்கு முன்னால் நின்றான். ஐந்து மணிக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மூலைக் கதிரையில் றஷ்மி கைப்பையை இறுக்கிக் கட்டிப்பிடித்தபடி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. குசினிக்குள் விஷ்வாவின் அம்மா தேத்தண்ணி ஆற்றும் சத்தம் கேட்டது.

"மெயில் போக முதல் ஒரு கேள்வி," என்றார் மெடம். "உங்கட கேமுக்குப் பெட்டி செய்தது ஆர் விஷ்வா?"

"பெட்டியே கிடையாதுங்க. இது டிஜிட்டல் ரிலீஸ். கள்ளப் பெட்டி செஞ்சது இவங்க மாமா." விரல் றஷ்மியை நோக்கிப் போனது.

"வடிவா யோசியுங்கோ. அர்ச்சனைத் தட்டில லப்டொப்பை வைக்கேலாது."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. அவன் முகத்தில் நிறம் மாறியதை நான் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டேன்.

"அம்மாதான் கேட்டாங்க," என்றான் மெல்ல. "சாமிக்கு முன்னால எதடா வைக்கிறது, கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணுமே இல்லையேன்னு. அதனால ஒரே ஒரு டிஸ்க் அடிச்சேன். றஷ்மி படத்தை வெச்சு கவரும் நானே செஞ்சேன். செஞ்சதையே மறந்துட்டேன்."

"பூட்டு?"

"போடல. சாமிக்கு வைக்கிற சாமான்ல குறை இருக்கக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. பிள்ளையார் என்ன, கொப்பியா அடிச்சு விக்கப்போறார்னு நானும்..."

"பிள்ளையார் பஸ் ஓட்டி வெள்ளவத்தையில நின்டா நல்லா இருக்காதுதான்," என்றேன்.

விஷ்வா கேட்கவில்லை. சாமி அறைக்கு ஓடினான், அலுமாரியைத் திறந்தான், வெறுங்கையோடு வந்தான். "காணோம்! யாரோ சாமி அறைக்குள்ளயே வந்து திருடியிருக்காங்க!"

"எதடா திருட்டுப் போச்சு?" என்று தேத்தண்ணித் தட்டோடு வந்தார் விஷ்வாவின் அம்மா ரமணி அன்ரி. பெரிய பொட்டு, பெரிய சிரிப்பு.

"அர்ச்சனை டிஸ்க்மா!"

"அதுவா? அது எங்க திருட்டுப் போச்சு? நான்தான குடுத்தேன், கொட்டாஞ்சேனைக் கடையில."

நானும் றஷ்மியும் ஒரே நேரத்தில் அன்ரியின் பக்கம் திரும்பினோம்.

"வெள்ளிக்கிழமை சொல்லலாம்னு இருந்தேன்," என்று அன்ரி வெட்கத்தோடு தட்டை மேசையில் வைத்தார். "எந்தக் கடையில போடறடான்னு உன்கிட்ட எத்தனை தடவ கேட்டேன்? கடையே இல்லம்மா, கடையே இல்லம்மான்னே சொன்ன. உங்க அப்பாவுக்கு நாலு கடை. பெத்த புள்ள மூணு வருஷமா கண்ணைக் கெடுத்துச் செஞ்ச சாமானை வாங்கிப்போட ஒரு கடைக்காரன்கூட இல்லையான்னு எனக்கு ராத்திரியெல்லாம் அழுகை. வெக்கத்துல மறைக்கிறன்னு நெனச்சேன். நம்ம றஷ்மி மாமா கேம் விக்கிறவர்தானேன்னு தட்டை அப்படியே எடுத்துட்டுப் போய் நின்னேன். அவரும் நம்பல, ஒரிஜினலா, எனக்கான்னு கேட்டார் பாவம். புள்ளைங்க ரெண்டு பேருக்கும் தெரியாம இருக்கட்டும்னு சத்தியம் வாங்கினேன். சக்கைப் போடு போடுதுடா! கொட்டாஞ்சேனை முழுக்க உன் பஸ்தான்!"

எங்கள் முகங்களைப் பார்த்ததும் அன்ரியின் சிரிப்பு மெதுவாகச் சுருங்கியது. "ஏன் எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க? தப்பாப் போச்சா?"

விஷ்வா எப்படியோ சொல்லி முடித்தான். திருட்டு என்று நினைத்தது, பின்லாந்துக்காரர் பெயர் கேட்டது, தான் எழுதி வைத்த பெயர் எது என்பது. கடைசியைச் சொல்லும்போது அவன் குரல் கேட்கவே இல்லை.

அன்ரி மகனைப் பார்க்கவில்லை. றஷ்மியைப் பார்த்தார். "இந்தப் புள்ள பேரையா எழுதின?"

"அனுப்பு விஷ்வா," என்றாள் றஷ்மி. "பெயரை மட்டும் மாத்து."

"ஆமா, என் பேரைப் போடு," என்று அன்ரி நிமிர்ந்தார். "ரமணி நாராயணன், டீலர்னு போடு. ஜெயிலுன்னா நான் போறேன்."

நான் சிரித்துவிட்டேன். மெடம் காலில் மிதித்தும் நிற்கவில்லை. மிதித்தவரே பிறகு சிரித்தார். றஷ்மியின் உதடும் துடித்தது, ஆனால் அவள் எழுந்து லப்டொப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ஜெயிலும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம் அன்ரி. மாமா ஆறு மாத வாரண்டி குடுத்திருக்கிறாரெல்லோ? டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டு வாறவைக்கு வெள்ளிக்கிழமை ஒழுங்கான டவுன்லோட் குடுப்பம். டிஸ்க்குக்குக் கட்டின காசு கேமுக்குக் கட்டினதாப் போகட்டும். களவு, முன்கூட்டி வித்ததா மாறிடும்." நடந்ததை நடந்தபடி தட்டி அனுப்பினாள். தேத்தண்ணி ஆறுவதற்கு முன்னால் பதில் வந்தது. வாரண்டி கொடுத்த கள்ளச் சந்தைக்காரரை அவர்கள் பிறந்ததிலிருந்து கேள்விப்பட்டதே இல்லையாம். வெள்ளிக்கிழமை உறுதி. டீலர் அம்மாவின் படம் ஒன்று கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார்கள்.

நான் விசிலடித்தேன். மெடம்கூடக் கை தட்டினார். விஷ்வா மட்டும் றஷ்மிக்கு முன்னால் போய், கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"றஷ்மி. மூணு வருஷம் ஒண்ணா இருந்துட்டு, ஒரு வார்த்தை உன்கிட்டக் கேக்காம எழுதிட்டேன். மன்னிச்சிரு."

அவள் கைப்பையைத் தோளில் போட்டாள். வாசல் வரை போய்த் திரும்பி, கேமில் வரும் அதே குரலை எடுத்தாள்.

"இன்னும் ரெண்டு பேர்தான். நிரம்பினதும் வெளிக்கிடும்!"

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. விஷ்வா நின்ற இடத்திலேயே நின்றான். வெள்ளவத்தையில், அசையாமல். தான் செய்த பூட்டில் தானே மாட்டிக்கொண்ட முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

ரமணி அன்ரி முந்தானையை இடுப்பில் செருகினார்.

"என்னடா மரம் மாதிரி நிக்கற? ரெண்டு பேர்தானே கேக்குது அந்தப் புள்ள? நீ ஒண்ணு, நான் ஒண்ணு. அதுக்கு அநியாயம் செஞ்சது நாமதான். ஓடு, போய் ஏறலாம்!"

மகனைப் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினார். ஜன்னலால் எட்டிப் பார்த்தோம். ஒழுங்கை முனையில் றஷ்மி நின்றிருந்தாள். காத்துக்கொண்டுதான் நின்றிருந்தாள்.

"மெடம்," என்றேன், "அந்தப் பூட்டை உடைச்ச முதல் ஆள் ரமணி அன்ரிதான்."